டவலை எறிவது யார்?

ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவர்களுக்கும் ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும் 'த்ரோ இன் த டவல்' என்ற தொடர் பழகிப்போன ஒன்று. ஒரு கம்பெனி மூடப்படும்போதும், ஒரு வேட்பாளர் பாதியில் விலகும்போதும், அது தலைப்புச் செய்தியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இனி முடியாது, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்று கைவிடுவதுதான் பொருள். அதில் கொஞ்சம் இளக்காரமும் ஒட்டியிருக்கும். ஒருவர் டவலை எறிந்துவிட்டார் என்றால், அவருக்குத் தாக்குப்பிடிக்கத் தெம்பில்லை என்று சொல்லாமல் சொல்வதாக ஆகிவிடுகிறது. மீட்டிங்கில் மேனேஜர், "அதுக்குள்ள டவலை எறிஞ்சுடாதீங்க" என்று சொன்னால், கோழையாக இருக்காதே என்று தட்டிக்கொடுக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

வருஷக்கணக்காகக் குத்துச்சண்டை பார்த்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் ரிங்கில் சண்டை போடுகிறவர் டவலை எறிவதே இல்லை. அவருடைய இரண்டு கையிலும் கிளவுஸ் இருக்கிறது. டவல் இருப்பது கயிற்றுக்கு வெளியே, மூலையில் நிற்கும் பயிற்சியாளரின் தோளில். எறிகிறவர் அவர். அதுவும் பெரும்பாலும், உள்ளே இருக்கிறவரின் விருப்பத்துக்கு மாறாக எறிகிறார். இந்த ஒரு விஷயம் அன்றாட ஆங்கிலத்தில் காணாமல் போய்விட்டது. என்னைப் பொறுத்தவரை, அந்தத் தொடரில் உயிர் இருப்பதே அங்கேதான்.

டவலுக்கு முன்னால் இருந்தது ஸ்பாஞ்ச். 1860-இல் லண்டனில் வெளியான ஒரு கொச்சைச் சொல் அகராதியில் 'ஸ்பாஞ்சை மேலே எறிவது' என்ற வழக்கு பதிவாகியிருக்கிறது. அடிபடுகிறவர்களின் முகத்தைத் துடைக்க வைத்திருக்கும் ஸ்பாஞ்சை உயரே தூக்கி எறிந்தால் சண்டை முடிந்தது, நாங்கள் ஒத்துக்கொள்கிறோம் என்று அடையாளம். அதிலிருந்துதான் விட்டுக்கொடுப்பது என்ற பொருள் வந்தது என்று அந்த அகராதியே விளக்குகிறது. மைதானத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஜனம் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது வாயால் சொல்வது யார் காதிலும் விழாது. மேலே பறக்கும் ஒரு பொருள் எல்லோர் கண்ணிலும் படும்.

அந்தக் காலத்துச் சண்டை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த ஸ்பாஞ்சின் கனம் புரியும். கிளவுஸ் கிடையாது, வெறும் முஷ்டி. ரவுண்டுக்கு நேரக்கணக்கும் இல்லை, ஒருவர் கீழே விழுந்தால் அதுதான் ரவுண்டின் முடிவு. விழுந்தவரை அவருடைய ஆட்கள் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போவார்கள். தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் ரத்தத்தைத் துடைப்பார்கள், வாயில் பிராந்தி ஊற்றுவார்கள். அரை நிமிஷத்துக்குள் அவர் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். நின்றால் சண்டை தொடரும், நிற்காவிட்டால் தோல்வி. இதற்கு ரவுண்ட் எண்ணிக்கையில் உச்சவரம்பு எதுவும் இல்லை.

அதே 1860-ஆம் வருஷம் ஏப்ரல் 17 அன்று, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டாம் சேயர்ஸும் அமெரிக்காவிலிருந்து வந்த ஜான் ஹீனனும் மோதினார்கள். சேயர்ஸ் குள்ளம், எடையிலும் குறைவு. ஹீனன் ஆறடிக்கு மேல். ஆரம்பத்திலேயே சேயர்ஸின் வலது கை அடிபட்டுப் பயனில்லாமல் போனது. ஒற்றைக் கையோடு அவர் ஹீனனின் முகத்தையே குறிவைத்துக் குத்திக்கொண்டிருந்தார். கடைசியில் ஹீனனுக்குக் கண் தெரியாத அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. ஒருவருக்குக் கை இல்லை, இன்னொருவருக்குக் கண் இல்லை, சண்டை மட்டும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எந்த மூலையிலிருந்தும் ஸ்பாஞ்ச் மேலே போகவில்லை. கூட்டம் உள்ளே புகுந்து, போலீசும் வந்து, எல்லாம் குழம்பிய பிறகு டிரா என்று அறிவித்தார்கள். அந்தச் சண்டையை வீரத்தின் உச்சம் என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த இரண்டு மூலைகளிலும் நின்ற ஆட்களின் ஞாபகம்தான் வரும். அவர்கள் கையில் ஸ்பாஞ்ச் இருந்தது.

அந்த ஸ்பாஞ்சை எறியும் உரிமை எங்கிருந்து வந்தது? ஜாக் பிராட்டன் என்ற சாம்பியன் 1743-இல் எழுதிய விதிகள்தான் குத்துச்சண்டையின் முதல் எழுத்து விதிகள். அவருடன் மோதிய ஒருவர் அடிபட்டு இறந்துபோன பிறகுதான் அவற்றை அவர் எழுதினார் என்று சொல்வதுண்டு. ஒருவர் எப்போது தோற்றதாகக் கருதப்படுவார் என்பதற்கு அந்த விதிகள் இரண்டே வழிகளைச் சொல்கின்றன. குறித்த நேரத்துக்குள் அவர் கோட்டுக்கு வந்து நிற்கத் தவறினால் தோல்வி. அல்லது அவருடைய துணையாள் அவர் தோற்றுவிட்டார் என்று அறிவித்தால் தோல்வி. அதே விதியில் தொடர்ந்து இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது: எதிராளியிடம் போய், விட்டுக்கொடுத்துவிடு என்று எந்தத் துணையாளும் ஆலோசனை சொல்லக்கூடாது. விட்டுக்கொடுக்கச் சொல்லும் அதிகாரம் சொந்த மூலைக்கு மட்டும்தான். இந்த விளையாட்டுக்கு எழுத்தில் சட்டம் வந்த முதல் நாளிலேயே, ஒரு மனிதன் போதும் என்று சொல்ல முடியாத இடத்தில் அவனுக்காகச் சொல்ல இன்னொருவனை நியமித்துவிட்டார்கள். இந்தக் காட்டுத்தனமான விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

1867-இல் வந்த குயின்ஸ்பெரி விதிகள் கிளவுஸையும், மூன்று நிமிஷ ரவுண்டையும், நடுவில் ஒரு நிமிஷ ஓய்வையும் கொண்டுவந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேச்சில் ஸ்பாஞ்சின் இடத்துக்கு டவல் வந்துவிட்டது. 1919 ஜூலை 4 அன்று, ஒஹையோ மாநிலத்து டொலிடோவில் ஜாக் டெம்ப்ஸியிடம் முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே விழுந்த ஜெஸ் வில்லார்டை, மூன்று ரவுண்டோடு அவருடைய மூலை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஸ்பாஞ்ச் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. அமெச்சூர் குத்துச்சண்டையின் சர்வதேச விதிகளில், தன் வீரர் சிரமத்தில் இருப்பதாகத் தோன்றினால் துணையாள் ஸ்பாஞ்சையோ டவலையோ உள்ளே எறியலாம், நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் எறியக்கூடாது என்ற வாசகம் ரொம்ப காலம் இருந்தது.

அந்த ஒரு நிமிஷ ஓய்வை, முடிந்தால், டிவியில் ஒரு தடவை மூலையை மட்டுமே கவனித்துப் பாருங்கள். மணி அடித்ததும் ஸ்டூல் உள்ளே வரும். வீரர் உட்காருவதற்குள் வாயிலிருந்து மவுத்பீஸை உருவி ஒருவர் தண்ணீரில் அலசுகிறார். வாய் கொப்பளித்துத் துப்ப பக்கெட். வெட்டுக்காயம் பார்க்கிறவர், அவரை 'கட்மேன்' என்பார்கள், அட்ரினலினில் நனைத்த பஞ்சுக்குச்சியைக் காயத்துக்குள் வைத்து அழுத்துகிறார். ஐஸில் கிடந்த சின்ன இரும்புக் கட்டி ஒன்றைக் கண்ணுக்குக் கீழே வீக்கத்தின் மேல் பிடிக்கிறார்கள். புருவத்தில் வாசலின் பூசுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் பயிற்சியாளர் முழங்காலிட்டு, முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். இடது கையை இறக்காதே, உடம்பில் அடி என்று ஏதோ சொல்வார். சொல்வதைவிட அவர் பார்ப்பதுதான் முக்கியம். கண் ஒரு இடத்தில் நிலைக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, எந்த ரவுண்ட் என்று தெரிகிறதா. வடசென்னையில் குத்துச்சண்டைப் பயிற்சியாளரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உறவு தெரிந்தவர்களுக்கு, அந்த முழங்காலிட்ட மனிதர் என்ன தேடுகிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

டவலை வீரரே எறிந்துவிட்டுப் போகலாமே, இன்னொருவர் எதற்கு? 1980 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பனாமாவின் ரொபெர்ட்டோ டுரான் அன்றைக்குக் குத்துச்சண்டை உலகத்திலேயே அஞ்சப்பட்ட ஆள். சுகர் ரே லெனர்டுக்கு எதிரான மறுபோட்டியில், எட்டாவது ரவுண்டில், திடீரென்று முதுகைக் காட்டிக் கையை ஆட்டி, போதும் என்று விலகிவிட்டார். அதற்கு அப்புறமும் அவர் இரண்டு முறை உலகப் பட்டம் வென்றார். இருந்தும் 'நோ மாஸ்', அதாவது இனி வேண்டாம், என்ற இரண்டு வார்த்தைகள்தான் அவர் பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தன் வாயால் போதும் என்று சொல்கிற வீரனை இந்த விளையாட்டு மன்னிப்பதில்லை. அது தெரிந்ததால்தான் அவர்கள் சொல்வதும் இல்லை. தலைக்குள் ரத்தம் கசிந்தாலும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய தீர்ப்பை நம்பக்கூடாது என்பதுதான் டவலின் அடிப்படை.

எறிந்தவுடன் எல்லாம் நின்றுவிடும் என்றும் இல்லை. 1938 ஜூன் 22, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். ஜோ லூயிஸின் அடியில் மாக்ஸ் ஷ்மெலிங் முதல் ரவுண்டிலேயே துவண்டுவிட்டார். அவருடைய பயிற்சியாளர் மாக்ஸ் மாஹோன் டவலை உள்ளே எறிந்தார். நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்துக் கயிற்றின் பக்கம் வீசிவிட்டார். நியூயார்க் விதிகளில் அன்று டவலுக்கு மதிப்பில்லை. கயிற்றில் தொங்கும் அந்த டவலைப் பழைய படச்சுருளில் இன்றும் பார்க்கலாம். அடுத்த சில நொடிகளில் டோனவனே சண்டையை நிறுத்தினார். மொத்தம் 2 நிமிஷம் 4 நொடி. இன்றைக்கும் பல இடங்களில் இறுதி முடிவு நடுவருடையதுதான். டவல் ஒரு வேண்டுகோள் மட்டும்.

அந்த வேண்டுகோளுக்கு ஒரு மனிதர் கொடுத்த விலையை நாம் எல்லோரும் நேரலையில் பார்த்தோம். 2020 பிப்ரவரி 22, லாஸ் வேகாஸ். டியோன்டே வைல்டரும் டைசன் ஃப்யூரியும் இரண்டாவது முறையாக மோதுகிறார்கள். வைல்டர் அதுவரை தோல்வியே காணாத ஹெவிவெயிட் சாம்பியன். மூன்றாவது ரவுண்டில் விழுந்தார், ஐந்தாவதில் விழுந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கால் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. ஏழாவது ரவுண்டில், மூலைக்குள் அடைபட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தபோது வெள்ளை டவல் உள்ளே வந்து விழுந்தது. எறிந்தவர் வைல்டரின் மூலையில் இருந்த பயிற்சியாளர்களில் ஒருவரான மார்க் பிரீலண்ட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், தொழில்முறையிலும் உலகச் சாம்பியனாக இருந்தவர். அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வைல்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எந்த நிலையிலும் டவலை எறியக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன், கேடயத்தின் மேல் கிடந்தபடி போகவே, அதாவது கடைசிவரை போராடி விழவே, விரும்பினேன் என்றார். மூலையில் இருந்த தலைமைப் பயிற்சியாளரே அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. பிரீலண்ட் அணியிலிருந்து வெளியே போக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் அக்டோபரில் அதே இருவரும் மூன்றாவது முறை மோதினார்கள். பதினொன்றாவது ரவுண்டில் வைல்டர் நாக்-அவுட் ஆகும்வரை சண்டை நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்த நொடியிலாவது யாராவது எறிவார்களா என்று என் கண் அடிக்கடி அவருடைய மூலைக்கே போய்க்கொண்டிருந்தது.

டவலுக்கு நன்றி உடனே கிடைக்காது என்பது எனக்கு ரிங்குக்கு வெளியிலும் தெரியும். என் மாமா மதுரையில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ். வேலை குறைந்துகொண்டே வந்தது, கடன் ஏறிக்கொண்டே போனது. அடுத்த முகூர்த்த சீசனில் நிமிர்ந்துவிடலாம் என்று ஒவ்வொரு சீசனுக்கும் சொன்னார். வட்டி கட்டக் கைமாற்று, கைமாற்றை அடைக்க நகை. ஒருநாள் அத்தையே பழைய மெஷின் புரோக்கரைக் கூப்பிட்டு, விலை பேசி, அட்வான்ஸும் வாங்கிவிட்டார். ஷட்டர் சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. "யாரைக் கேட்டு செஞ்ச?" என்று மாமா கத்தினார். "கேட்டா விட்டிருப்பீங்களா?" என்று மட்டும் அத்தை சொன்னார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் மாமா அத்தையிடம் நேராகப் பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று பிள்ளைகள் வழியாகத்தான் எல்லாம். அத்தை அதைப் பொருட்படுத்தவில்லை. வீடு மிஞ்சியது. அக்கம்பக்கத்தில் மாமா தோற்றுப்போனார் என்று பேசிக்கொண்டார்கள். அந்த முடிவை எடுத்தது மாமா இல்லை என்பதோ, அதை எடுக்க எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதோ அவர்களுக்குத் தெரியாது.

குத்துச்சண்டையில் இந்தத் தைரியத்துக்கு என் மனதில் நிற்கும் பெயர் ஜோ ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச். 1975 அக்டோபர் 1, மணிலாவுக்குப் பக்கத்தில் கெஸோன் சிட்டியின் அரனேடா அரங்கம். முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாவது முறை. அமெரிக்க டிவிக்காக ஆட்டத்தைக் காலையிலேயே வைத்திருந்தார்கள். அரங்கத்துக்குள் வெக்கை கொதித்தது. ஃப்ரேசியருக்கு இடது கண்ணில் பல வருஷமாகவே பார்வைக் குறைவு, அதை வெளியே தெரியாமல் வைத்திருந்தார். வலது கண்ணைத்தான் நம்பியிருந்தார். அலியின் குத்துகளில் அந்தக் கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. பதின்மூன்றாவது ரவுண்டில் மவுத்பீஸ் பறந்து போய் விழுந்தது. பதினான்காவதில் அலியின் வலது கைக் குத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவை வருவதே ஃப்ரேசியருக்குத் தெரியவில்லை.

மிச்சம் ஒரே ஒரு ரவுண்ட். மூன்றே நிமிஷம். எதிர் மூலையில் அலியும் முழுவதுமாக ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். சாவுக்கு மிக அருகில் போய்வந்த அனுபவம் அது என்று பின்னால் அலியே சொன்னார். இன்னும் ஒரு ரவுண்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷம் கழித்தும் வாதாடுகிறார்கள். ஃபட்ச் அந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. ரிங்கில் அடிபட்டுச் செத்தவர்களைப் பார்த்த மனிதர் அவர். நடுவரைக் கூப்பிட்டு, முடிந்தது என்றார். எனக்கு அவனோடு மோத வேண்டும் என்று ஃப்ரேசியர் எழப் பார்த்தார். ஃபட்ச் அவரை உட்காரவைத்து, "எல்லாம் முடிந்தது. இன்றைக்கு நீ இங்கே செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள்" என்றார். அன்றைக்கு டவல் எதுவும் காற்றில் பறக்கவில்லை. ஆனால் டவல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். ஒரு ரவுண்டுதானே பாக்கி இருந்தது என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு ஃபட்ச், நான் நேரம் பார்க்கிறவன் இல்லை, சண்டைக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்று சொல்லியிருக்கிறார்.

அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1982 நவம்பர் 13 அன்று, லாஸ் வேகாஸில் கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மன்சினியோடு லைட்வெயிட் பட்டத்துக்கு மோதினார். வயது 20-களில். அந்தப் பையன் பின்வாங்கவே இல்லை. கடைசி ரவுண்டுகளில் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. அவருடைய மூலையிலிருந்து எதுவும் வரவில்லை. பதினான்காவது ரவுண்டின் தொடக்கத்தில் விழுந்தவர், எழுந்து நிற்க முயன்றார். நடுவர் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கோமாவுக்குப் போன கிம், சில நாட்களில் இறந்துவிட்டார். அந்தச் சாவுக்குப் பிறகு உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் அந்த 1980-களுக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக அதே வழிக்கு வந்தன. மணிலாவில் ஃப்ரேசியரை அனுப்ப ஃபட்ச் மறுத்தாரே, அந்தப் பதினைந்தாவது ரவுண்ட் இன்றைக்கு எந்த உலகப் பட்டப் போட்டியிலும் கிடையாது.